வாசலுக்கு வழி சொல்லும் பத்து எழுத்து: ப்ளஸ் கோட் முழுமையான வழிகாட்டி

"மாரியம்மன் கோயில் தாண்டி ரெண்டாவது கரண்ட் கம்பம், அதுக்கு எதிர்த்தாப்ல பச்சை கேட்டு." எங்கள் கிராமத்து வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் பல வருடமாகப் போனில் இப்படித்தான் வழி சொல்லி வந்தோம். தபால்காரருக்கு இதுகூட வேண்டாம், அப்பா பெயர் போதும். ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள்தான் திண்டாடுவார்கள். பார்சல் கொண்டுவரும் பையன் டீக்கடையில் நின்று நாலு தடவை போன் செய்வான்.

பிறகு யாரோ சொல்லி, பூமியில் எந்த இடத்தையும் பத்து எழுத்தில் குறிக்கும் ப்ளஸ் கோட் பக்கம் வந்தேன். முதல் தடவை கொடுத்தபோது அந்தப் பையனிடமிருந்து வந்த போன் இது: "அண்ணே, உங்க வீடு கண்ணுக்குத் தெரியுது. ஆனா நான் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் நிக்கிறேன்." குறியீட்டில் தவறில்லை, நான் பயன்படுத்திய விதத்தில்தான் தவறு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

யார் கொடுக்கும் எண் இது?

யாரும் கொடுப்பதில்லை. இதன் முழுப்பெயர் ஓப்பன் லொகேஷன் கோட். கூகுளின் சூரிக் அலுவலகப் பொறியாளர்கள் உருவாக்கி 2014-ல் யாரும் இலவசமாகப் பயன்படுத்த அனுமதிக்கும் அப்பாச்சி 2.0 உரிமத்தின் கீழ் பொதுவில் வெளியிட்டார்கள். ப்ளஸ் கோட் என்பது அதன் செல்லப்பெயர். நடுவில் ஒரு கூட்டல் குறி வருவதால் அந்தப் பெயர்.

பின்கோடு அப்படியல்ல. 1972 ஆகஸ்ட் 15 அன்று தபால் துறை பின்கோடு முறையைக் கொண்டுவந்தபோது, எந்த ஊருக்கு எந்த எண் என்று ஓர் அலுவலகம் உட்கார்ந்து ஒதுக்க வேண்டியிருந்தது. ப்ளஸ் கோடுக்கு அந்த ஒதுக்கீடே கிடையாது. ஓர் இடத்தின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் ஒரு சின்னக் கணக்கில் போட்டால் குறியீடு வந்து விழும். நடுக்கடலுக்கும் உண்டு, உங்கள் களத்துமேட்டுக்கும் உண்டு. விண்ணப்பம், கட்டணம், சர்வர் எதுவும் தேவையில்லை. உலகம் முழுக்க இப்படிப் பத்து எழுத்துக் கட்டங்கள் 4 லட்சம் கோடிக்கு மேல் இருக்கின்றன.

முகவரியே இல்லாத ஊர்கள் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆப்பிரிக்கக் கரையோரத் தீவு நாடான கேப் வெர்டியின் தபால் துறை 2016-ல் இதை ஏற்றுக்கொண்டது. அமெரிக்காவின் நவாஹோ பழங்குடி நிலத்தில் தெருப்பெயர் இல்லாத வீடுகளுக்கு, வாக்காளர் பதிவுக்கும் அவசர உதவிக்கும் பயன்படும்படி இதை எழுதிக் கொடுத்தார்கள். கொல்கத்தாவின் குடிசைப் பகுதிகளில் ஒரு தொண்டு நிறுவனம் வீட்டு வாசலில் குறியீட்டுப் பலகையே மாட்டியது.

ஒரு தடவை கையால் போட்டுப் பாருங்கள்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போனாலும் போனில் குறியீடு எடுக்கத் தெரிந்துவிடும். ஆனால் ஒரு தடவை கையால் கணக்குப் போட்டுவிட்டால், பின்னால் வரும் குழப்பங்கள் பாதி குறையும்.

முதலில் எழுத்துகள். மொத்தம் இருபதுதான்: 2, 3, 4, 5, 6, 7, 8, 9, பிறகு சி, எஃப், ஜி, ஹெச், ஜே, எம், பி, க்யூ, ஆர், வி, டபிள்யூ, எக்ஸ். இந்த வரிசையில் 2-க்கு மதிப்பு 0, 3-க்கு 1, இப்படியே போய் எக்ஸுக்கு 19. இங்கே எழுத்துகளை வாயால் சொல்வதுபோல் எழுதுகிறேன். போனில் அடிக்கும்போது ஆங்கில எழுத்தாக அடியுங்கள். பெரிய எழுத்தா சிறிய எழுத்தா என்பது பொருட்டில்லை.

உயிரெழுத்துகளை வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள், தற்செயலாக ஏதாவது அசிங்கமான வார்த்தை உருவாகிவிடக் கூடாதே என்று. பூஜ்யத்தோடும் ஒன்றோடும் குழம்பும் எழுத்துகளும் இல்லை.

தஞ்சைப் பெரிய கோயிலை எடுத்துக்கொள்வோம். வளாகத்துக்குள் ஒரு புள்ளி: அட்சரேகை 10.78278, தீர்க்கரேகை 79.13167.

கழித்தல் குறி வராமலிருக்க முதலாவதோடு 90-ஐயும் இரண்டாவதோடு 180-ஐயும் கூட்டுங்கள். 100.78278, 259.13167 என்று வரும்.

இப்போது உலகத்தை 20 பாகைக் கட்டங்களாக வெட்டுகிறோம். 100.78278-ல் எத்தனை 20? ஐந்து. மீதி 0.78278. 259.13167-ல் பன்னிரண்டு. மீதி 19.13167. வரிசையில் ஐந்தின் எழுத்து 7, பன்னிரண்டின் எழுத்து ஜே. ஆக முதல் இரண்டு: 7 ஜே.

அடுத்து ஒரு பாகைக் கட்டம். மீதிகளில் 0-வும் 19-ம் இருக்கின்றன. எழுத்துகள் 2, எக்ஸ். மீதி 0.78278, 0.13167.

அதற்கடுத்து ஒவ்வொரு கட்டத்தையும் 20-ஆல் வகுத்துக்கொண்டே போக வேண்டும். 0.05 பாகையில் 15-ம் 2-ம் வரும்: க்யூ, 4. மீதி 0.03278, 0.03167. 0.0025 பாகையில் 13-ம் 12-ம்: எம், ஜே. மீதி 0.00028, 0.00167. எட்டு எழுத்து முடிந்துவிட்டது, இங்கே கூட்டல் குறி போடுங்கள். கடைசியாக 0.000125 பாகையில் 2-ம் 13-ம்: 4, எம்.

முழுக் குறியீடு: 7 ஜே 2 எக்ஸ் க்யூ 4 எம் ஜே + 4 எம்.

முதல் ஜோடி 2,200 கிலோமீட்டர் அகலக் கட்டம். இரண்டாவது 110 கிலோமீட்டர், மூன்றாவது ஐந்தரை கிலோமீட்டர், நான்காவது 275 மீட்டர், ஐந்தாவது 14 மீட்டர். வலப்பக்கம் போகப் போகக் கட்டம் சிறுக்கிறது. பதினோராவது எழுத்து ஒன்று சேர்த்தால், அதே கட்டத்தை நான்கு பத்தியும் ஐந்து வரிசையுமாகப் பிரித்து ஏறத்தாழ மூன்று மீட்டர் அளவுக்குக் கொண்டுவரும். வீட்டுக்குப் பத்து போதும். நெருக்கமான வீடுகள் உள்ள தெருவில் மட்டும் பதினொன்று.

போனில் எடுப்பது

1. கூகுள் மேப்ஸைத் திறந்து சாட்டிலைட் படத்துக்கு மாற்றுங்கள். கிராமத்தில் சாதாரண வரைபடம் வெறும் பச்சையாகத்தான் இருக்கும். கூரையும் மரமும் தெரிந்தால்தான் இடம் பிடிபடும்.

2. வேண்டிய இடத்தில் விரலை ஒரு நொடி அழுத்திப் பிடியுங்கள். சிவப்பு ஊசி ஒன்று குத்திக்கொள்ளும்.

3. கீழே வரும் பட்டையை மேலே இழுத்தால் நாலு எழுத்து, கூட்டல் குறி, இரண்டோ மூன்றோ எழுத்து, பிறகு ஊர்ப்பெயர் என்று ஒரு வரி இருக்கும். அதைத் தொட்டால் நகலாகிவிடும்.

4. நகலெடுத்ததை அப்படியே தேடல் கட்டத்தில் ஒட்டித் தேடுங்கள். ஊசி அதே இடத்தில் விழுகிறதா என்று பார்க்காமல் யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

நீங்கள் அந்த இடத்திலேயே நின்றால் நீலப் புள்ளியைத் தொட்டும் குறியீட்டைப் பார்க்கலாம். எனக்கு அந்த வழியில் நம்பிக்கை குறைவு. வீட்டுக்குள் கான்கிரீட் கூரைக்குக் கீழே போனின் ஜிபிஎஸ் இருபது முப்பது மீட்டர் அலைபாயும், குறியீடு பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். அப்படி எடுக்கத்தான் வேண்டுமென்றால் வாசலுக்கு வந்து, வானம் தெரிகிற இடத்தில், நீலப் புள்ளி அசையாமல் நிற்கும்வரை பொறுங்கள்.

இணையம் இல்லாத இடத்தில் வேலை என்றால் ஓஎஸ்எம்ஆண்ட், ஆர்கானிக் மேப்ஸ் இரண்டில் ஒன்றை நிறுவி, வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் முழுக் குறியீட்டைத் தேடலாம். எல்லாம் கணக்குதானே, கணக்குக்கு சிக்னல் தேவையில்லை.

ஊர்ப்பெயரோடு சுருக்கி எழுதுவது

மேப்ஸ் காட்டும் வரியில் பெரிய கோயிலுக்கு முன்னால் வரும் 7 ஜே 2 எக்ஸ் இருக்காது. "க்யூ 4 எம் ஜே + 4 எம், தஞ்சாவூர்" என்றுதான் இருக்கும். முதல் நாலு எழுத்து எந்தப் பெரிய கட்டம் என்று சொல்கிறது, அந்த வேலையை ஊர்ப்பெயர் பார்த்துக்கொள்கிறது. எஸ்டிடி கோடு இல்லாமல் உள்ளூர் எண்ணை மட்டும் சொல்வது மாதிரி.

இங்கேதான் பலருக்கு ஒரு சந்தேகம் வரும். ஊர் எல்லை கட்டத்தின் எல்லையோடு பொருந்தாவிட்டால்? பொருந்தாதுதான். 20 பாகைக் கட்டங்களின் ஒரு எல்லைக்கோடு சரியாக 10 பாகை வட அட்சத்தில், மதுரை நகருக்குச் சற்று வடக்கே ஓடுகிறது. மதுரையின் முன்னெழுத்துகள் 6 ஜே எக்ஸ் டபிள்யூ. இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அழகர்கோவிலுக்கு 7 ஜே 2 டபிள்யூ. சித்திரைத் திருவிழாவுக்கு மலையிலிருந்து புறப்படும் கள்ளழகர், வைகையில் இறங்குவதற்குள் உலகின் ஒரு வரிசையிலிருந்து இன்னொரு வரிசைக்கு வந்துவிடுகிறார்! கிழக்கே 80 பாகைத் தீர்க்கரேகையும் இப்படித்தான். செங்கல்பட்டுக்கு 7 ஜே, மாமல்லபுரத்துக்கும் சென்னைக்கும் 7 எம்.

அழகர்கோவிலின் சுருக்கக் குறியீட்டோடு "மதுரை" என்று எழுதினால் தவறான இடத்துக்குப் போகுமா? போகாது. ஊர்ப்பெயரின் மையத்துக்கு மிக அருகில் அந்த எழுத்துகளோடு பொருந்தும் இடம் எது என்றுதான் மென்பொருள் தேடும். அரைப் பாகைக்குள், அதாவது ஐம்பது கிலோமீட்டர் சுற்றளவுக்குள் இருந்தால் கவலையில்லை. அதைத் தாண்டிய ஊரின் பெயரைப் போட்டால்தான் ஊசி வேறு மாவட்டத்தில் விழும். அதனால் ஊர்ப்பெயர் சின்னதா பெரியதா என்று பார்க்க வேண்டாம், அருகில் இருக்கிறதா, எல்லோருக்கும் தெரிந்ததா என்று பாருங்கள். தமிழ்நாட்டில் எத்தனை புதூர் என்று எண்ணி முடியாது, பக்கத்து டவுன் பெயரைப் போடுங்கள். சேலம் என்றால் தமிழ்நாடு என்றும் சேருங்கள். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத் தலைநகருக்கும் சேலம் என்றுதான் பெயர்.

அச்சில் ஏறுவது எதுவானாலும் முழுப் பத்து எழுத்தையும் போடுவது என் பழக்கம். சுருக்கம் பேச்சுக்கு, முழுசு காகிதத்துக்கு.

போனில் வாயால் சொல்லும்போது

தமிழில் நமக்கு ஒரு பழைய தொல்லை: ஆங்கில எழுத்துகளில் இரண்டுக்கு 'பி' என்றே சொல்கிறோம், இரண்டுக்கு 'டி' என்கிறோம். பான் எண்ணைப் போனில் சொல்லிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ப்ளஸ் கோடில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. பம்பாயில் வரும் பி இந்த இருபதில் கிடையாது, பழனியில் வரும் பி மட்டும்தான். டி என்று கேட்டால் யாரோ தவறாகக் கேட்டிருக்கிறார்கள், இரண்டு டியுமே இல்லை. எம் என்றால் எம்தான், என் கிடையாது. எஃப் என்றால் எஃப்தான், எஸ் கிடையாது.

மிச்சமிருக்கும் குழப்பம் இரண்டு: ஜியும் ஜேயும், ஹெச்சும் எக்ஸும். "ஜே, ஜெயலட்சுமி ஜே", "எக்ஸ், எக்ஸ்ரே எக்ஸ்" என்று இழுத்துச் சொல்லிவிடுங்கள். கூட்டல் குறியையும் விட்டுவிட வேண்டாம். அது இல்லாவிட்டால் தேடல் கட்டம் இதை ஏதோ கடைப்பெயர் என்று நினைத்துக்கொள்ளும்.

சொந்தமாக இணையதளமோ ஆப்போ செய்பவர்களுக்கு ஒரு வரி: இணைய முகவரியின் தேடல் பகுதியில் வெறும் கூட்டல் குறி இடைவெளியாகப் படிக்கப்படும். அங்கே அதைச் சதவீதக் குறி, 2, பி என்று மாற்றி எழுத வேண்டும், இந்த இடத்தில் பம்பாய் பி. நூலகங்கள் பைத்தான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் என எல்லா முக்கிய மொழிகளிலும் கிட்ஹப்பில் கிடைக்கின்றன.

எங்கே எழுதுவது

முகவரிக்குப் பதிலாக அல்ல, முகவரியின் கடைசி வரியாக எழுதுங்கள். பெயர், கதவு எண், தெரு, ஊர், பின்கோடு, அதற்கும் கீழே குறியீடு. நம்மூரில் பார்சல் பிரிப்பது இன்னும் பின்கோடை வைத்துத்தான். 108-க்கு அழைத்தாலும் ஊரும் தெருவும் அடையாளமும்தான் முதலில். குறியீடு, கேட்டால் கையில் தயாராக இருக்க வேண்டியது.

இது உண்மையாகவே கைகொடுப்பது முகவரியே எழுத முடியாத இடங்களுக்கு. குலதெய்வக் கோயில் என்றால் பெரும்பாலும் நாலு வயல் தாண்டி, ஒரு ஆலமரத்தடியில் இருக்கும். கிடா வெட்டுக்கு வெளியூர்ச் சொந்தம் வரும்போது பெரியப்பா ரோட்டில் நின்று கைகாட்ட வேண்டியிருந்தது. இப்போது குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டால் போதும். பட்டன் போன் வைத்திருக்கும் சித்தப்பாவுக்கு அதையே எஸ்எம்எஸ்ஸில் அனுப்பலாம், அவரை அழைத்து வரும் டிரைவரின் போனில் அடித்துக்கொள்ளட்டும். கல்யாணப் பத்திரிகையிலும் மண்டபத்தின் பெயருக்குக் கீழே அழகாக உட்காரும். அச்சகத்தில் ப்ரூஃப் வாங்கியதும் அந்த எழுத்துகளை நீங்களே போனில் அடித்துச் சரிபாருங்கள். 8-ஐ 3 என்று அச்சடித்தால் ஒன்றரை கிலோமீட்டர் தள்ளிப் போகலாம், ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேலும் போகலாம், எந்த எழுத்தில் தவறு என்பதைப் பொறுத்து.

மாடி எண்ணை இது சொல்லாது. பத்து மாடிக் குடியிருப்பில் எல்லோருக்கும் ஒரே குறியீடுதான். இன்னொன்று, இது உங்கள் வீட்டின் இடம் என்பதை மறந்துவிட வேண்டாம். பெயரோடும் போட்டோவோடும் பொதுவெளியில் போடுவது கதவைத் திறந்து வைப்பது போல.

2025 மே மாதம் இந்தியத் தபால் துறை டிஜிபின் என்ற சொந்த முறையைக் கொண்டுவந்தது. அதிலும் பத்து எழுத்து, கட்டம் நான்கு மீட்டர். இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். கூட்டல் குறி இல்லாமல் சிறு கோடுகள் இருந்தாலோ, கே, எல், டி எழுத்துகள் வந்தாலோ அது டிஜிபின். ஒன்றின் குறியீட்டை மற்றொன்றின் தேடலில் போட்டால் வேலை செய்யாது.

இனி அந்த வாய்க்கால்

எங்கள் வீட்டுக் குறியீட்டை நான் எடுத்தது சாட்டிலைட் படத்தில் கூரையின் நடுவில் அழுத்தி. இடம் துல்லியம்தான். ஆனால் வழிகாட்டும் செயலி கூரைக்கு வழி காட்டுவதில்லை. அந்தப் புள்ளிக்கு மிக அருகில் ஓடும் சாலை எது என்று பார்த்து, அதன் ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடும். எங்கள் கூரைக்கு மிக அருகில் இருந்த சாலை வாய்க்காலின் அக்கரையில் ஓடுவது. பையன் அங்கே நின்றதில் வியப்பில்லை.

பெரிய கோயிலையே பாருங்கள். வளாகம் 240 மீட்டர் நீளம், 122 மீட்டர் அகலம். ஏறத்தாழ நூற்றைம்பது கட்டங்கள் அதற்குள் அடங்கும். நாம் கணக்கிட்டது அவற்றில் ஒன்று. வண்டியில் வருபவருக்குக் கருவறைக்கு மேலே நிற்கும் விமானத்தின் குறியீடு எதற்கு? கிழக்கே கேரளாந்தகன் திருவாயிலுக்கு முன்னால் சாலையோரக் குறியீடுதான் வேண்டும். வீட்டுக்கும் அப்படியே. வண்டி எங்கே நிற்குமோ அந்த இடத்தின் குறியீட்டை எடுங்கள். கேட்டுக்கு வெளியே, சாலை மேல். வீடு உள்ளே தள்ளி இருந்தால் சந்து முனை.

நான் பிறகு கொடுத்தது, மாரியம்மன் கோயிலுக்கு அப்பால் வாய்க்காலின் மேலே போட்டிருக்கும் சின்னப் பாலத்தின் அக்கரை முனை. அங்கே வந்தால் பச்சை கேட் தெரியும்.

ஆனால் அந்தப் பாலம் எந்த வரைபடத்திலும் இல்லை என்பதுதான் அடிப்படைக் கோளாறு. கூகுள் மேப்ஸில் விடுபட்ட சாலை என்று தெரிவித்தேன். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் நாமே வரையலாம் என்பதால் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். அங்கே புதிதாகச் சேருபவர்கள் முதலில் செய்ய நினைப்பது, ஒவ்வொரு வீட்டுக்கும் ப்ளஸ் கோடை முகவரியாக ஏற்றுவது. செய்ய வேண்டாம். வீட்டின் புள்ளி வரைபடத்தில் இருந்தாலே குறியீட்டைக் கணக்கிட்டுவிடலாம், அதைத் தனியாக எழுதி வைப்பதில் பயனில்லை. கதவு எண்ணும் தெருப்பெயரும்தான் கணக்கில் வராதவை, அவற்றை ஏற்றுங்கள். அதைவிட முக்கியம், வழியை வரையுங்கள்.

பாலத்தை வரையும்போது நான் செய்த இரண்டு தவறுகளையும் சொல்லிவிடுகிறேன். முதலில் நடைபாதை என்று வகைப்படுத்தினேன். பாலத்தில் பைக் தாராளமாகப் போகும், ஆனால் நடைபாதை என்று போட்டால் செயலி பைக்குக்கு அந்த வழியைத் தராது. மாற்றினேன். அப்போதும் வழி காட்டவில்லை. பெரிதாக்கிப் பார்த்தால் பாலத்தின் கோடு சாலைக் கோட்டைத் தொட்டதுபோல் இருந்ததே தவிர, இரண்டும் ஒரே புள்ளியில் இணையவில்லை. அரை மீட்டர் இடைவெளி. கண்ணுக்கு அது பாலம்தான், கணினிக்கு நடு வாய்க்காலில் முடியும் சாலை.

இணைத்த பிறகு, செயலியில் வரைபடம் புதுப்பிக்கப்பட்டதும், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் வரைபடத்தையே காட்டும் ஓஎஸ்எம்ஆண்டில் எங்கள் கேட்டின் குறியீட்டை அடித்துப் பார்த்தேன். கோயில், இரண்டாவது கரண்ட் கம்பம், பாலம், கேட் என்று நீலக்கோடு வந்து நின்றது. அப்பாவிடம் காட்டினேன். "இதைத்தானடா நான் போன்ல சொல்லிக்கிட்டு இருந்தேன்" என்றார்.